பள்ளி புகும் பாலர்

இவ்விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலராசிரியர் எம்மைக் கேட்டபொழுது, தமிழாசிரியர் என்ற முறையில் யாம் இலக்கியப் பொருள் ஒன்றனையே எழுதுவோம் என அவர் எதிர்பார்த்திருத்தல் கூடும். கல்லூரி ஈட்டிய வெற்றிகளையும், பல்கலைக்கழகம் புகுந்தோர் தொகையையும், துடுப்பாட்ட வீரர் பெருமையையும், அதிபர்கள் ஆற்றிய அருந்தொண்டினையும் பிறர் எழுதுவர். எம்மினும் நன்றாக எழுதுவர். யாம் எழுத எடுத்துக்கொண்டது மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட பாலரைப் பற்றியதாகும். அவர்கள் எந்த விழா மலரிலும் இடம்பெறுவதில்லை. அவர்கள் இன்னும் பழைய மாணவர் ஆகவில்லை. உள்ளதைச் சொல்லின், அவருட் பலர் மாணவர் ஆவதற்கே இன்னும் உடன்படவில்லை.

எமது கல்லூரி மதிலுக்கு அப்பால் உள்ள சனசமூக நிலையத்தில் ஒரு முன்பள்ளி நடைபெற்று வருவதை அன்பர்கள் அறிவர். ஆரம்பப் பிரிவில் தரம் ஒன்றிற் சேரும் பிள்ளைகளுட் பெரும்பாலோர் அங்கிருந்தே வருகின்றனர். ஆண்டின் முதல் வாரத்தில் அவ்வொழுங்கையால் வருவோர் செவியில் விழும் ஓலத்தை யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒரு தாய், "அம்மா கடைக்குப் போட்டு ஓடி வாறன், நீ இதிலை இரு" என்கிறாள். ஆசிரியை வேப்பமரத்துக் காகத்தைச் சுட்டிக் காட்டுகிறாள். பிள்ளை அண்ணாந்து பார்க்கும் அந்தக் கணத்தில் தாய் படலைக்கு வெளியே போய்விடுகிறாள். பிள்ளை திரும்பிப் பார்க்கிறது. அதன்பின் நிகழ்வதை யாவரும் அறிவர். ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம், அவ்வோலம் நீடிக்கும். பின்னர் ஓயும். ஓய்ந்தவுடன், "பிள்ளை பழகிவிட்டது" என்று தாயும் ஆசிரியையும் ஒருங்கே ஆறுதல் கொள்வர்.

பழகிவிட்டது என்னும் இச்சொல்லைப் பற்றியே யாம் ஐயுறுகின்றோம். அழுகை ஓய்தல் வேறு. பிள்ளை பொருந்துதல் வேறு. முன்னையதைப் பின்னையது என்று மயங்கியதால் யாமே ஒரு காலத்திற் பெருந்தவறு ஒன்று இழைத்தோம். பெருமை பேசும் மலரில் அதனைச் சொல்லுதல் பொருந்துமோ என்று தயங்கினோம். எனினும் சொல்லாது விடின் இக்கட்டுரைக்கு அடியே இல்லாது போய்விடும்.

பயிற்சிக் கலாசாலையினின்று வெளியேறிய புதிதில், வேறோர் ஊரில், ஒரு சிறு பாடசாலையில் யாம் கடமையாற்றினோம். தரம் ஒன்றின் ஆசிரியை பிரசவ விடுமுறையிற் சென்றமையால் அவ்வகுப்பு ஒரு தவணைக்கு எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. சந்தி இலக்கணமும் யாப்பும் கற்று வந்த இளைஞனுக்கு ஐந்து வயதுப் பிள்ளைகளை எவ்வாறு நடத்துவதெனத் தெரிந்திலது. ஒரு சிறுவன் தாயின் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு விடமாட்டேன் என்றான். அரைச்சுவருக்கு அப்பால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அத்தாயை யாம் கடிந்து அனுப்பினோம். மறுநாள் படலைக்குள்ளேயே வரவேண்டாம் என்றோம். மூன்றாம் நாள் அவன் அழவில்லை. ஆசிரியர் ஓய்வறையில் அமர்ந்து, "மூன்றே நாளில் அடக்கிவிட்டோம்" என்று யாம் சொன்னதும், மூத்த ஆசிரியர் ஒருவர் மெச்சியதும் இன்றும் நினைவிலுள்ளன.

அவன் அழவில்லை, பேசவும் இல்லை. சொன்ன இடத்தில் இருந்தான், எழும்பு என்றால் எழும்பினான், கோடு கீறு என்றாற் கீறினான். நல்ல பிள்ளை என்று எண்ணினோம். வளவு கூட்டும் அம்மா ஒருவர் அங்கிருந்தார். ஒருநாள் அவர் விளக்குமாற்றைச் சாய்த்துவிட்டு வந்து, "சேர், அந்தப் பொடியன் முதுகிலை இருக்கிற பையைக் கழட்டினதை நான் ஒருநாளும் காணேல்லை" என்றார். யாம் திரும்பிப் பார்த்தோம். உண்மைதான். காலையில் வந்தது முதல் மணி அடிக்கும் வரை அவன் புத்தகப் பையை முதுகினின்று இறக்குவதேயில்லை. சாப்பிடும்பொழுதும் அது அவன் முதுகிலேயே இருந்தது. வந்த நாளிலிருந்து, ஏறத்தாழ ஒன்றரை மாதமாக, ஒவ்வொரு நொடியும் அவன் வீட்டுக்குப் புறப்பட ஆயத்தமாகவே இருந்திருக்கிறான். நாள்தோறும் முன்னே நின்ற எம் கண்ணுக்கு அது படவில்லை.

அவனைப் பேச வைத்தவரும் அந்த அம்மாவே. வேப்பஞ் சருகு பொறுக்க அவனைத் துணைக்கு அழைத்தார். சருகுக் கூடையின் மறுகாதைப் பிடிக்க இன்னொரு சிறுவனையும் அழைத்தார். இருவர் தூக்கும் கூடை ஒருவன் விரைந்தாற் சாயும்; ஆகவே, "மெல்ல வா" என்று ஒருவன் மற்றவனுக்குச் சொல்லியே ஆகவேண்டும். எமது வகுப்பில் அவன் பேசிய முதல் வார்த்தை அதுவே, எமக்குச் சொன்னதன்று. அவ்வம்மையார் எந்தக் கலாசாலையிலும் பயின்றவரல்லர்.

யாம் பின்னர் கற்றறிந்த செய்தி ஒன்று இதனோடு ஒப்புநோக்கத் தக்கது. 1952 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் றொபேட்சன் என்பார் இங்கிலாந்தில் ஒரு திரைப்படம் எடுத்தார். இரண்டரை வயது நிரம்பாத சிறுமி ஒருத்தி சிறு சத்திரசிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்ததை அப்படம் காட்டுகின்றது. அக்காலத்து மருத்துவமனைகள் பெற்றோரை மிகச் சிறிது நேரமே உள்ளே விட்டன. தாயைக் கண்டாற் பிள்ளை அழும், காணாவிடின் அமைதியாயிருக்கும் என்பது அவர்கள் கூறிய நியாயம். அவ்வமைதியின் உட்பொருளை றொபேட்சன் நாள்வாரியாகப் படம் பிடித்துக் காட்டினார். முதலிற் பிள்ளை எதிர்த்து அழுகிறது. பின் நம்பிக்கை இழந்து ஒடுங்குகிறது. அதன்பின் தாய் வந்தாலும் முகங்கொடாது விலகுகிறது. மருத்துவருட் பலர் முதலில் அப்படத்தின் மீது சினங்கொண்டனர். ஆயினும் 1959 இல் அந்நாட்டரசு அமைத்த குழு, பெற்றோர் தம் பிள்ளைகளைத் தடையின்றிப் பார்க்க இடமளிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. மருத்துவமனையில் எட்டு நாளும் முன்பள்ளியில் மூன்று மணித்தியாலமும் ஒன்றாகா என்று அன்பர்கள் கூறின், அதனை யாம் ஒப்புக்கொள்கின்றோம். பிள்ளை நாள்தோறும் வீடு திரும்புகின்றது; அத்துணைக் கேடு விளையாது. ஆனால் ஓய்ந்த அழுகையைக் கண்டு பெரியோர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ளும் முறை இரண்டிடத்தும் ஒன்றே.

"எங்கள் காலத்தில் நாங்களும் அழுதோம்; சட்டம்பியார் இரண்டு போட்டார்; பின் படித்தோம்; குறைந்தா போனோம்?" என்று கேட்கும் மூத்தோர் சங்கத்தில் பலர் உளர். அவர்கள்பால் எமக்குள்ள மதிப்புக் குறையாது இரண்டு சொல்ல விரும்புகின்றோம். அழுது, அடி வாங்கி, பின் படித்து உயர்ந்தவர்களே விழா மலரில் எழுதுகின்றார்கள். அழுது, அடி வாங்கி, வேலி பாய்ந்து ஓடித் திரும்பி வாராதவர்கள் மலருக்குக் கட்டுரை அனுப்புவதில்லை. இது ஒன்று.

மற்றொன்று, அக்காலப் பிள்ளை பள்ளிக்கு வருமுன்னரே பாதி பள்ளி படித்துவிட்டது. பனையோலை வேலியும் கிடுகு வேலியும் இருந்த நாளில் ஒவ்வொரு வேலியிலும் ஒரு பொட்டு இருந்தது. மூன்று வயதுப் பிள்ளை அப்பொட்டுக்குள்ளாற் புகுந்து அயல் வளவுக்குப் போகும். அங்கே நான்கு பிள்ளைகள் இருக்கும். அடிபடும், அழும், கோபம் போடும், மத்தியானத்துக்குள் நேசமாகும். தாய் தேடி வரும் வரை அது தாயில்லாமல் இருந்து பழகிவிட்டது. அதுவும் தானே விரும்பிப் போய்ப் பழகியது. அரிவரிக்கு வந்த அன்றும் அக்காளோ தமையனோ அதே பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்பில் இருப்பர். இன்று வேலி இருந்த இடத்தில் மதில் எழுந்துவிட்டது. மதிலிற் பொட்டு வைப்பாரில்லை. வீட்டில் ஒரு பிள்ளை, மிஞ்சினால் இரண்டு. சிறிய தாயார் மக்களும் மாமன் மக்களும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து கைத்தொலைபேசித் திரையில் முகங்காட்டுகின்றனர். திரையிலுள்ள மச்சான் பொம்மையைப் பறிக்க மாட்டான். பறிக்காதவனோடு பழகிப் பங்கிடக் கற்பது எங்ஙனம்? 2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டு, நோயச்சத்தில் ஊர் முழுதும் வீட்டுக்குள் ஒடுங்கியிருந்த காலத்திற் குழந்தைகளாயிருந்தோர் பின்னர் தரம் ஒன்றுக்கு வந்தபொழுது, பிற பிள்ளைகளின் நடுவே எப்படி இருப்பது என்று அறியாது மருண்டு நின்றதை எமது ஆரம்பப் பிரிவு ஆசிரியைகள் இன்றும் சொல்வர்.

எம் முன்னோர் இதனை உணராதவரல்லர். விசயதசமி நாளில் ஏடு தொடக்கும் முறையை நோக்குக. பிள்ளை தனியே ஓர் ஆசனத்தில் இருத்தப்படுவதில்லை. தந்தையோ பெரியவரோ மடியில் வைத்து, அதன் விரலைத் தம் கையாற் பிடித்து, தட்டிற் பரப்பிய அரிசியில் அகரம் எழுதுவிக்கின்றார். முதலெழுத்து மடியில் இருந்தபடியே எழுதப்படுகின்றது. அடுத்த தை மாதத்தில் அப்பிள்ளையை மடியினின்று பிடுங்கிப் படலைக்கு உள்ளே தள்ளிவிடுபவர் நாமே.

இலக்கியம் எழுதவில்லை என்று மலராசிரியர் குறைகூறாதிருக்கும் பொருட்டு இன்னொன்றும் சொல்லுவோம். பிள்ளைத்தமிழ் நூல்களிற் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை என்னும் பருவங்களில் எல்லாம் பிள்ளைக்கு எதிரே தாயும் செவிலியரும் பிற பெரியோருமே நிற்கின்றனர். அதன்பின் வருவது அம்புலிப் பருவம். அங்கே தாய், தன் பிள்ளையோடு விளையாட வருமாறு நிலவை அழைக்கின்றாள். சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கு உபாயத்தையும் கையாண்டு கெஞ்சியும் மிரட்டியும் அழைக்கின்றாள். புலவர்கள் இதிற் காட்டும் கற்பனை நயத்தை வகுப்பில் யாம் பலமுறை பாராட்டியுள்ளோம். ஆயின் அப்பருவத்தின் உட்கிடை எமக்குப் புலப்பட்டது எம் மகளை முன்பள்ளிக்குக் கொண்டுபோன பிறகே. ஒன்றரை வயது ஆனவுடன் பிள்ளைக்குத் தாய் மட்டும் போதாது, விளையாட ஒரு தோழமை வேண்டும் என்பதைத் தாயே உணர்ந்து தேடுகின்றாள். அதற்கடுத்தே சிறுபறையும் சிற்றிலும் சிறுதேரும் வருகின்றன. சிற்றிற் பருவத்திற் சிறுமியர் கட்டிய மணல் வீட்டை ஆண்பிள்ளை காலால் அழிக்க வருகின்றான். அழியாதே என்று அவர்கள் வேண்டுகின்றனர். இன்றைக்கும் எந்த முன்பள்ளி மணலிலும் நாள்தோறும் காணலாகும் வழக்கு அது!

இனி, பிரியும் முறையைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறுவோம். பெற்றோர் தவறுவதும் பெற்றோர் திருத்தக் கூடியதும் அதுவேயாகலின்.

பிள்ளையிடம் பொய் கூறிப் பிரியலாகாது. கடைக்குப் போய் வருவேன் என்ற தாய் கடையிலிருந்து வாராவிடின், வீட்டில் அவள் கிணற்றடிக்குப் போனாலும் பிள்ளை காலைக் கட்டிக்கொள்ளும். போகிறேன் என்று சொல்லியே போகவேண்டும். அழுமே என்றால், அழட்டும்; சொல்லிப் போனபின் அழும் அழுகையில் துயரம் உண்டு, ஏமாற்றம் இல்லை. மணிக்கணக்கு மூன்று வயதுக்கு விளங்காது. "பதினொன்றரைக்கு வருவன்" என்பதனால் ஒரு பயனும் இல்லை. "மணலிலை விளையாடி, கஞ்சி குடிச்சு, கதை கேட்டு முடிய அம்மா படலையடியிலை நிப்பன்" என்றால் விளங்கும். அங்ஙனம் சொன்னால் நிற்கவும் வேண்டும். எம் மகளிடம் யாம் அவ்வாறு வாக்களித்துவிட்டு, ஆசிரியர் கூட்டம் நீண்டமையால் இருபது நிமிடம் பிந்திப் போனோம். வந்து சேர்ந்தபொழுது அவள் அழவில்லை. ஆசிரியையின் கையைப் பிடித்தபடி எம்மைப் பார்த்தாள், அவ்வளவே. மறுநாட் காலை எம் சட்டையைப் பற்றிய கையைப் பிரித்தெடுக்க அரைமணி நேரமாயிற்று. முதல் வாரத்திற் சம்பாதித்தது அத்தனையும் அந்த இருபது நிமிடத்திற் கரைந்தது. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினோம்: ஒருநாள் பாயில் அவளருகே, மறுநாள் விறாந்தையில், அதன்பின் வேம்பின் கீழ், அதன்பின் படலையடியில். இரண்டாம் வாரத்து வெள்ளிக்கிழமை, "அப்பா போங்கோ" என்று அவளே சொன்னாள். சொல்லிவிட்டுத் திரும்பியும் பாராமல் ஓடினாள். மகிழ்வதா வருந்துவதா என்று தெரியாமல் யாம் சிறிது நேரம் அங்கே நின்றோம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

போகிறேன் என்று சொன்னபின் நின்று தாமதித்தலும், மதிலால் எட்டிப் பார்த்தலும், அழுகை கேட்டுத் திரும்பி ஓடிவருதலும் தீங்கு. பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்தே அவ்விடம் அஞ்சத்தக்கதோ அன்றோ என்று முடிவு செய்கின்றது. தாய் கண்கலங்கி நின்றால், உள்ளே ஏதோ ஆபத்து இருக்கிறது என்றே அது கொள்ளும்.

ஆசிரியைகளின் கடமையைப் பொறுத்தவரை, நாள்தோறும் ஒருவரே வாயிலில் நின்று ஏற்றல் வேண்டும் என்பதும், குனிந்து பிள்ளையின் உயரத்துக்கு முகம் தாழ்த்தி வீட்டில் வழங்கும் செல்லப் பெயரால் அழைத்தல் வேண்டும் என்பதும் பயின்றோர் யாவரும் அறிந்தவையே. அவ்வளவாக எவரும் பேசாத ஒன்றுண்டு. நாணத்தக்கது என்று கருதிப் பேசாது விடுகின்றனர். காலையில் அழும் பிள்ளைகளுட் சிலர் தாயைப் பிரிந்தமைக்காக அழுவதில்லை. மலசலகூடத்தை எண்ணி அழுகின்றனர். காற்சட்டைத் தெறியைத் தானே கழற்றத் தெரியாது. வீட்டில் வழங்கும் சொல்லை இங்கே சொன்னாற் சிரிப்பார்களோ என்று அச்சம். கதவு பெரிது, உள்ளே இருட்டு. முதல் நாளே பிள்ளையின் கையைப் பிடித்து அவ்விடத்தைக் காட்டி, கதவைத் திறந்து மூடிக் காட்டி, என்ன சொல்லிக் கேட்பது என்றும் சொல்லிக்கொடுத்தால், பாதி அழுகை அங்கேயே தீரும். தாய்மாரும் தெறி வைத்த உடையை விடுத்து, இழுத்தவுடன் கழலும் உடையை அணிவித்து அனுப்புவார்களாக.

அழுகை தீர்ந்த பின்னரே பழகுதல் தொடங்குகின்றது. மில்ட்ரெட் பாட்டன் என்னும் அமெரிக்க அம்மையார் 1932 இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றிற் சிறு பிள்ளைகள் விளையாடும் முறைகளை வகுத்துக் காட்டினார். தனியே ஆடுதல், பிறர் ஆடுவதைப் பார்த்திருத்தல், ஒருவர் அருகே ஒருவர் இருந்தும் தத்தம் ஆட்டையே ஆடுதல், கலந்து ஆடுதல், ஒரு நோக்கோடு கூடி ஆடுதல் என அவை விரியும். வயது ஏற ஏறக் கூடியாடுதல் மிகும் என்பது அவர் கண்டது. இவை ஒன்றை விட்டு ஒன்றில் ஏறும் ஏணிப்படிகள் ஆகா, பெரிய பிள்ளையும் தனித்து ஆட விரும்பும் என்று பின்வந்தோர் திருத்தினர். எமக்கு இதில் பயன்படுவது யாதெனில், மூன்று வயதுப் பிள்ளை பிறர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு ஓரமாக நிற்பதும் ஒரு பழகுதலே என்பது. "ஏன் நிக்கிறாய், போய்ச் சேந்து விளையாடு" என்று முதுகிற் பிடித்துத் தள்ளுவது, விளையும் முன்னர் காயைப் பறிப்பதை ஒக்கும். ஒரே மாதிரியான இரண்டு வாளிகளை மணலில் வைத்துவிட்டு ஆசிரியை சும்மா இருப்பாளாயின், பார்த்து நின்ற பிள்ளை மெல்ல வந்து இரண்டாம் வாளியை எடுக்கும்.

வாளி ஒன்றே இருக்கும்பொழுது என்ன செய்வது? "பங்கிட்டு விளையாடுங்கோ" என்னும் உபதேசம் மூன்று வயதில் ஏறாது. முறை வைத்தல் ஏறும். ஊஞ்சலிற் பத்து ஆட்டம் உனக்கு, பத்து ஆட்டம் அவனுக்கு. எண்ணுவது காத்திருப்பவன் வேலை. எண்ணிக்கொண்டிருப்பவனுக்குக் காத்திருப்பது கடினமாய்த் தோன்றுவதில்லை, எண்ணும் கற்றுக்கொள்கிறான்.

தமிழாசிரியர் நோக்கில் இங்கே ஒன்று கூறவேண்டும். கொடுத்தலைக் குறிக்கும் சொற்களைத் தொல்காப்பியர் மூன்றாகப் பிரிக்கின்றார். தன்னினும் மேலானவரிடம் இரப்பவன் ஈ என்பான். தன்னை ஒத்தவனிடம் கேட்பவன் தா என்பான். தன்னினும் தாழ்ந்தவனிடம் கேட்பவன் கொடு என்பான். இதனை உயர்வகுப்பிற் கற்பிக்கும்பொழுதெல்லாம் எமக்கு முன்பள்ளி நினைவு வருகின்றது. வீட்டிலே பிள்ளைக்கு ஒத்தவர் எவரும் இலர். அது அழுதாற் பெரியோரிடம் இரக்கின்றது. அடம்பிடித்தால் அவர்களை ஏவுகின்றது. முதல் இரண்டுக்கும் நடுவே நிற்கும் 'தா' என்னும் சொல்லை, தன்னளவே உயரமான இன்னொருவனைப் பார்த்துச் சொல்ல வேண்டிய தேவை அதற்கு முதன்முதலாக முன்பள்ளிப் பாயிலேதான் நேர்கின்றது. பறிக்கும் கையும் அடிக்கும் கையும் பெரும்பாலும் சொல் அறியாத கைகளே. "எனக்கும் தா," "நான் முடிச்சுத் தாறன்," "வேண்டாம், எனக்கு நோகுது" என்னும் இம்மூன்றையும் வாயில் வைத்துக் கொடுத்தால், கை தானே தணியும். ஒரே பாயில் யாருடைய பிள்ளையும் யாரிடமும் 'தா' என்று கேட்கக் கூடிய இடமாக அது இருத்தல் வேண்டும் என்பதனை, ஈயும் கொடுவும் நெடுங்காலம் ஆண்ட எமது ஊரில் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கின்றது.

இவ்வாறிருக்க, முன்பள்ளிகளில் இன்று நிகழ்வது யாது? நான்கு வயதுப் பிள்ளை கொப்பி நிறைய எழுத்து எழுதி வீட்டுக்குக் கொண்டுபோகின்றது. ஆசிரியைகளைக் குறைகூற யாம் ஒருப்படோம். மணலில் விளையாடிய பிள்ளை வெறுங்கையோடு வீடு சேர்ந்தால், "இண்டைக்கு என்ன படிப்பிச்சினம்?" என்று கேட்பவர் பெற்றோரே, ஆங்கில எழுத்து இருபத்தாறும் எழுதுவிக்கும் இன்னொரு முன்பள்ளிக்கு மறுமாதம் பிள்ளையை மாற்றிவிடுபவரும் அவரே. 1945 இல் எம் நாட்டில் இலவசக் கல்வி பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை என்று விரிந்ததைப் பெருமையோடு பேசுகின்றோம். மூன்று வயதுப் பிள்ளை செல்லும் முன்பள்ளியோ அவ்வேற்பாட்டுக்குப் புறத்தே நின்று, மிகச் சிறிய கொடுப்பனவு பெறும் ஆசிரியைகளின் பொறுமையால் நடைபெறுகின்றது. இருக்கும் பிள்ளையை இழந்தால் வருமானமும் போய்விடும் என்ற நிலையில், எழுதுவிக்காதீர் என்று அவர்களுக்கு உபதேசம் செய்வது எளிது.

தரம் ஒன்றில் நிலைமை ஏட்டளவிலேனும் மேலானது. புதிதாய்ச் சேர்ந்த பிள்ளைகளை முதல் வாரங்களில் விளையாட்டின் மூலம் இனங்காண வேண்டும் என்பதே வகுக்கப்பட்ட முறை. கால்கோள் விழாவில் தரம் இரண்டுப் பிள்ளைகள் புதியோரைக் கைபிடித்து மாலையிட்டு அழைத்து வருவது கண்கொள்ளாக் காட்சி. ஆயின் மாலை வாடுமுன் அக்கையும் விடப்பட்டுவிடுகின்றது. அக்கைப்பிடியை ஒரு மாதம் நீட்டினால் என்ன? ஒவ்வொரு புதுப் பிள்ளைக்கும் தரம் இரண்டிலே ஓர் அண்ணனோ அக்காவோ. இடைவேளையிற் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொடுக்கவும், தண்ணீர்க் குழாயையும் மலசலகூடத்தையும் காட்டவும், படலை வரை கூடவரவும். திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இருந்தான். அதிகாரத்தைக் கழித்துவிட்டு அத்துணையை மட்டும் மீட்டெடுப்போம். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. ஆரம்பப் பிரிவு ஆசிரியைகளிடம் கூறினோம். சென்ற ஆண்டு ஒரு வகுப்பிற் செய்து பார்த்தனர். சிறியோரினும் பெரியோரே கூடுதலாக மாறினர் என்று அவ்வகுப்பாசிரியை சொன்னார். தரம் இரண்டின் பெருங் குழப்படிகாரன் ஒருவன், தன் பொறுப்பிலுள்ளவன் வராத நாளில் அலுவலகத்துக்குப் போய்க் காரணம் விசாரித்தானாம்.

சங்கத்தார் இவ்விழாவின் நினைவாக நுழைவாயில் வளைவு ஒன்று எழுப்ப எண்ணியிருப்பதாக அறிகின்றோம். அதனை யாம் எதிர்க்கவில்லை. வளைவு அழகாகவே இருக்கும். அவ்வளைவுக்குச் சேரும் பொருளில் ஒரு சிறு பங்கை மதிலுக்கு அப்பாலுள்ள முன்பள்ளிக்கு ஒதுக்கும்படி கேட்கின்றோம். உதவியாசிரியை ஒருவருக்கு ஆண்டு முழுவதும் கொடுப்பனவு. இல்லாவிடின் ஒருத்தியே வாயிலிலும் நின்று வகுப்பிலும் நிற்பது எவ்வாறு? ஓர் உழவு இயந்திரப் பெட்டி மணல், வேம்பில் இரண்டு ஊஞ்சல், சிறு கால்களுக்கு ஏற்ற மலசலகூடம் ஒன்று, அதற்கு இலேசாய்த் திறக்கும் கதவு. தந்தையராய் இருக்கும் பழைய மாணவர்களிடம் இன்னொன்றும் கேட்கின்றோம்: பிள்ளை முதன்முதற் போகும் வாரத்தில் அலுவலகத்தில் விடுமுறை எடுங்கள். பரிசளிப்பு விழாவுக்கு எடுக்கும் விடுமுறையை அங்கே செலவிட்டாலும் நன்றே.

இவ்வாண்டுத் தொடக்கத்தில் அம்முன்பள்ளி ஆசிரியை எம்மிடம் ஒரு சிற்றுதவி கேட்டார். சுவரில் ஒரு பலகையை நிலத்தினின்று இரண்டரை அடி உயரத்தில் அறைந்து, அதில் இருபத்திரண்டு ஆணி அடித்துக் கொடுத்தோம். ஒவ்வோர் ஆணிக்கு மேலும் ஒரு படம் ஒட்டினார்: மாம்பழம், ஆமை, பட்டம், குடை. பிள்ளைகள் தம் படத்தைக் கண்டு பையைக் கொழுவுவதற்காம். முதல் நாள் ஏழு பைகள் தொங்கின. மூன்றாம் வாரம் அவ்வழியே போனபொழுது எண்ணிப் பார்த்தோம், இருபத்தொன்று. குடைப் படத்தின் கீழ் ஆணி வெறுமையாயிருந்தது. குடைக்குரிய சிறுவன் பையை முதுகில் இட்டபடியே மணலோரம் நின்று, மற்றவர் தேர் செய்து இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். எமக்குப் பழைய நினைவு வந்து, அவனை அழைத்துப் பையை வாங்கிக் கொழுவட்டுமா என்று ஆசிரியையைக் கேட்டோம்.

"இருக்கட்டும் சேர்," என்றார் அவர். "அவன் கொழுவேக்கை கொழுவட்டும்."